மூன்று சின்னங்களும் ஒரு மஞ்சுளாவும்

வேலைவாய்ப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி நிலையத்திலிருந்து போன் செய்தார்கள். "மேடம், ரிட்டயர் ஆயி வீட்லதான இருக்கீங்க, புதுசா வர்றவங்களுக்கு ஊக்கமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். வீட்டில்தான் இருக்கிறேன், மறுக்கவில்லை. ஊக்கத்துக்கு நான் எங்கே போவேன்? கடையில் விற்றால் ஒரு கிலோ வாங்கிப் பார்சல் அனுப்பியிருப்பேன். என்னிடம் இருப்பது ஒரு பெண்ணின் விவகாரம்தான். கிருஷ்ணகிரியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலராக நான் இருந்த கடைசிக் காலத்தில் நடந்தது. அதைச் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

முதல் நாள் வகுப்பிலேயே உங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். மேலே மத்திய அரசு, கொள்கை வகுக்கும், நிதி கொடுக்கும். நடுவில் மாநில அரசு, திட்டம் போடும், பயிற்சி கொடுக்கும். கீழே மாவட்டமும் ஊராட்சியும், ஆளைக் கண்டுபிடித்து அனுப்பும். பெட்டிபெட்டியாக, அம்புக்குறியெல்லாம் போட்டு, பார்க்க லட்சணமாக இருக்கும். நானே அந்தப் படத்தை எத்தனையோ கூட்டத்தில் காட்டியிருக்கிறேன். அதில் தப்பு என்று ஒன்றும் கிடையாது. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மனுஷி விழுந்துவிட்டால் யார் கை கொடுத்துத் தூக்குவது என்பதை மட்டும் அதில் வரைய மறந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஆபீஸ்களில் ஒரு பேச்சுவழக்கு உண்டு. ஒருவருக்கு வேலை கிடைத்தால் "கிடைச்சுது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "காட்டியாச்சு" என்பார்கள். "இந்த மாசம் எவ்ளோ காட்டியிருக்கீங்க?" என்றுதான் மேலிருந்து போன் வரும். "அவங்க ஆள நம்ம கணக்குல காட்டலாமா?" என்று பக்கத்து ஆபீஸில் கேட்பார்கள். உங்கள் நாக்கிலும் சீக்கிரமே அது ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டியிருந்தது. மஞ்சுளா வந்தபிறகுதான் அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வர ஆரம்பித்தது.

மஞ்சுளாவின் அப்பா முனியப்பா, வேப்பனப்பள்ளி பக்கத்து விவசாயி. வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் தமிழ், எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் கன்னடம் என்று மூன்று பாஷையிலும் கறாராகப் பேசுகிற மனிதர். பெங்களூரா ரக மாந்தோப்பு ஒன்று வைத்திருந்தார். காய் முழுவதும் கூழ் ஆலைக்குப் போகும். அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை வருவதாகப் பேச்சு கிளம்பியது. பைக்குக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. ஓசூரில் இடம் கிடைக்காமல் உள்ளே தள்ளி வந்தார்கள். தோப்புக்காரர்கள் நிலம் கொடுக்கத் தயங்கியபோது கிராமசபை கூட்டினார்கள். அன்றைக்கு நானும் போயிருந்தேன். ஊராட்சி ஒன்றியத்து அதிகாரி மைக்கைப் பிடித்து, "நெலம் குடுக்கற வீட்டுக்கு வீடு ஒரு வேல. நான் பொறுப்பு" என்றார். கம்பெனிக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டினாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. அதை நான் கவனித்தேன், முனியப்பா கவனிக்கவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு தோப்பு போய்விட்டது.

மஞ்சுளா கெட்டிக்காரி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாநிலத்தின் திறன் பயிற்சித் திட்டத்தில் மூக்கண்டப்பள்ளியில் ஒரு பயிற்சி மையம் நடந்தது, அதில் வயர் கட்டும் வேலை கற்றுக்கொண்டாள். கற்று முடித்ததும் அந்தக் கம்பெனியே கூப்பிட்டு உள்ளே எடுத்துக்கொண்டது. எடுத்தது வேலைக்கு இல்லை, அப்ரன்டிஸாக. மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டம் அது. உதவித்தொகையில் ஒரு பங்கு மேலிருந்து வந்துவிடும், கம்பெனிக்கு லாபம். நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, தன் அப்பாவின் தோப்பு இருந்த அதே மண்ணில், குளிர்சாதன அறைக்குள் நின்று வேலை செய்தாள். முனியப்பா அப்போது என்னைப் பார்க்க ஆபீஸுக்கே வந்தார். "மரம் போனா போவுதும்மா, புள்ள நெழல்ல நிக்கிறா. அது போதும்" என்று சொல்லி, அடுத்தவர் தோப்பில் வாங்கிய ஒரு பை மாங்காயைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது கவனியுங்கள். மஞ்சுளா கம்பெனி வாசலுக்குள் காலெடுத்து வைத்தது ஒரே ஒரு தடவைதான். மாநிலம் அவளை "எங்களிடம் பயிற்சி பெற்று வேலைக்குப் போனவள்" என்று காட்டியது. மத்தியம் "எங்கள் திட்டத்தில் பணியமர்த்தப்பட்டவள்" என்று காட்டியது. ஊராட்சி ஒன்றியம் "நிலம் கொடுத்த வீட்டுக்கு வேலை கொடுத்தாச்சு" என்று காட்டியது. ஒரு தேங்காயை மூன்று கோயிலில் உடைத்த மாதிரி. யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் வயிற்றெரிச்சல். ஒவ்வொருவரும் அவரவர் பெட்டிக்குள் எழுத வேண்டியதைச் சரியாகத்தான் எழுதினார்கள்.

பழகுநர் காலம் முடிந்தது. அந்த பேட்ச் மொத்தத்தையும் கம்பெனி வெளியே அனுப்பிவிட்டு, புது பேட்ச்சை எடுத்துக்கொண்டது. புது பேட்ச்சுக்கும் மேலிருந்து உதவித்தொகைப் பங்கு வரும், பிறகு என்ன கவலை? மஞ்சுளா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"மேடம், நான் வேல செய்யத் தெரியாதவளா? லைன்ல எனக்கு அப்பறம் வந்தவளுக்கெல்லாம் நான்தான் கத்துக் குடுத்தேன். இப்ப அவ உள்ள, நான் வெளிய. பர்மனென்ட் வேணாம், கான்ட்ராக்ட்லயாச்சும் அங்கயே வெச்சுக்கங்கன்னு கேட்டேன். ரூல்ஸ் இல்லன்றாங்க. எங்க நெலத்து மேலதான அந்த கம்பெனி நிக்குது?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல மேடம். சொன்னா நெஞ்சு வெடிச்சிடும். அந்த ஒரு வேலைக்கோசரம்தான் கையெழுத்து போட்டாரு."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வேலை. அதற்காகத்தான் தோப்பைக் கொடுத்தார்கள். நான் கம்பெனியின் மனிதவள மேலாளருக்குப் போன் செய்தேன். மரியாதையான ஆள், குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், அப்ரன்டிஸ்னா அப்ரன்டிஸ்தான். காலம் முடிஞ்சா கெளம்பணும். நாங்க வேலை குடுத்தே ஆகணும்னு சட்டத்துல எங்கயாச்சும் இருக்கா, சொல்லுங்க" என்றார். இல்லை. நான் எத்தனை முறை புரட்டினாலும் அதில் இல்லை.

சரி, இன்னொரு பயிற்சியில் சேர்த்து வேறு கம்பெனிக்காவது அனுப்பலாம் என்று மாநிலத் திட்ட அலுவலரிடம் போனேன். என் வயசுதான் அவருக்கும், நல்ல பழக்கம். கம்ப்யூட்டரில் மஞ்சுளாவின் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அக்கா, இந்தப் பொண்ணு பிளேஸ்டுன்னு காட்டுது. வேலையில இருக்கறவங்களுக்கு மறுபடி டிரெய்னிங் குடுக்க சிஸ்டம் விடாது."

"அவளை வெளியே அனுப்பிட்டாங்கய்யா."

"அனுப்புனது அப்ரன்டிஸ்ஷிப்ல இருந்துதான? அது மத்திய திட்டம். அவங்கள கேளுங்க."

கேட்டேன். மத்தியத் திட்டத்துக்கு மண்டல ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு, எதைக் கேட்டாலும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார். "மேம், இவங்க வெற்றிகரமா முடிச்சவங்க. எங்க பொறுப்பு அதோட முடியுது. அப்புறம் வேலை கொடுக்கிறது மாநிலத்தோட தொழில் கொள்கையில வரும்" என்றார். ஊராட்சி ஒன்றியத்து அதிகாரி மாறிப்போயிருந்தார். புதிதாக வந்தவர், "மைக்ல சொன்னது நான் இல்லீங்க மேடம். அப்படியே வெச்சுக்கிட்டாலும் அந்த வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாச்சுன்னுதான எங்க ரெக்கார்டு சொல்லுது? ஒரு வீட்டுக்கு ரெண்டு குடுத்தா மத்த வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்" என்றார். தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலையே இல்லாத ஒருத்தி, வேலையில் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்தால் எங்கேயும் நுழைய முடியாமல் நின்றாள்.

கலெக்டர் ஆபீஸில் ஒருங்கிணைப்புக் கூட்டம் வந்தது. நான் விடவில்லை. எல்லோரும் முறுக்கும் டீயுமாக இருந்த நேரத்தில் எழுந்து, மஞ்சுளாவின் பேரைச் சொல்லி, மூன்று பேரும் ஒரே ஆளைக் காட்டியிருக்கிறீர்கள், ஒருவராவது அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டேன். கலெக்டர் நல்ல மனிதர், நியாயம் தெரிந்தவர். கூட்டத்துக்கு வந்திருந்த கம்பெனி மேலாளரைப் பார்த்து, "நெலம் குடுத்தவங்களுக்காவது பார்த்துச் செய்யக் கூடாதா?" என்று கேட்டார். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொன்னார்: "செய்யலாம் சார். ஆனா இப்பவே எங்க தலைமை ஆபீஸ்ல, இங்க கெடுபிடி ஜாஸ்தி, எல்லைக்கு அந்தப் பக்கம் போனா சலுகையும் ஜாஸ்தின்னு பேசிக்கிட்டு இருக்காங்க. கொஞ்ச தூரம் தள்ளிப் போனா கர்நாடகா. நான்தான் இங்கயே இருக்கட்டும்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான். இந்த எல்லைப்புறத்தில் வேலை பார்க்கப் போகிற பிள்ளைகளே, அந்த ஒரு வாக்கியத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் எந்த அதிகாரியும் பதில் சொல்ல முடியாத வாக்கியம் அது. கம்பெனி போய்விட்டால் உள்ளே இருக்கிற எல்லோர் வேலையும் போய்விடும். அந்தப் பழியை எந்தக் கலெக்டர் ஏற்பார்? அவர் பேச்சை மாற்றினார். ஒரு துணைக்குழு போட்டார்கள். அதில் என்னையும் சேர்த்தார்கள். அந்தக் குழு ஒருநாளும் கூடவில்லை.

மஞ்சுளா எனக்காகக் காத்திருக்கவில்லை. வயிறு காத்திருக்குமா? அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு லேபர் கான்ட்ராக்டரின் வேனில் ஏற ஆரம்பித்தாள். காலையில் வேப்பனப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் ஏற்றி, எல்லை தாண்டி மாலூர் பக்கம் ஒரு கம்பெனியில் இறக்கிவிடுவார்கள். நின்றுகொண்டே பெட்டி மடிக்கிற வேலை. ஒருநாள் வேனைத் தவறவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஒருத்தி இருப்பாள். அந்தப் பக்கத்திலும் உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று குரல்கள் கிளம்பியிருந்தன. இங்கே நிலம் கொடுத்தவள், அங்கே வெளியூர்க்காரி. என்ன சொல்ல!

இதற்குள் அடுத்த வேலைவாய்ப்பு முகாம் வந்தது. முகாமுக்கு விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்கு ஒரு "வெற்றிக் கதை" வேண்டும். மூன்று திட்டத்துக்கும் பொதுவான பயனாளி யார் என்று யாரோ கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார்கள். வேறு யார் வருவார்? நீலக் கோட்டில், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரிக்கிற மஞ்சுளாவின் பழைய போட்டோ பெரிய ஃப்ளெக்ஸாகி, வேப்பனப்பள்ளி பஸ் ஸ்டாண்டில், அவள் தினமும் வேன் ஏறுகிற இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. தலைப்பில் மூன்று சின்னங்கள். மத்தியம், மாநிலம், ஊராட்சி. கீழே கொட்டை எழுத்தில், "என் மண்ணிலேயே எனக்கு வேலை!" அவள் அப்படி எங்கேயும் சொன்னதில்லை என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவள் போன் செய்தாள். வேன் ஓடுகிற சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"மேடம், வேல வேணாம். ஒண்ணும் வேணாம். அந்த போட்டோவயாச்சும் எறக்கச் சொல்லுங்க. வேன்ல எல்லாம் சிரிக்கறாங்க. 'வாம்மா பர்மனென்ட்டு'ன்னு கூப்புடறாங்க. ஊர்ல வேற எங்கப்பாவ தெனம் தெனம் புடுங்கறாங்க."

"அப்பாவ எதுக்கு?"

"எங்க புள்ளைக்கும் சொல்லி உள்ள சேத்துவுடுன்னு வந்து நிக்கறாங்க மேடம். எம்பொண்ணுக்கே வேல இல்லன்னு அவரு சொன்னா யாரு நம்பறா? பேனரே இருக்குதே! பொறாம புடிச்சவன், அடுத்த வூட்டுப் புள்ள நல்லா இருக்கக் கூடாதுன்னு மறைக்கறான்னு பேசறாங்க. அவரு டீக்கடைக்குப் போறதயே வுட்டுட்டாரு."

ஒரு வேலை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. ஒரு பேனரையா இறக்க முடியாது? அப்படித்தான் நினைத்தேன். ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் செய்தால், "மூணு சின்னம் இருக்குது மேடம். நான் கழட்டுனா மத்த ரெண்டு பேரும் என்னத்துக்குக் கழட்டுனேன்னு கேப்பாங்க" என்றார். மாநிலத்தைக் கேட்டால், வடிவமைத்து அனுப்பியது மேலே என்றார். மத்தியத்தைக் கேட்டால், பேனர் வைப்பது உள்ளூர் நிர்வாகத்தின் வேலை என்றார். என் ஆபீஸ் ஆள் ஒருவரை ஏணியோடு அனுப்பிப் பார்த்தேன். ஒன்றிய அலுவலக வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஆர்டர் இருந்தா காட்டு, இல்லன்னா ஏறாத" என்று திருப்பி அனுப்பிவிட்டார். முகாம் முடிந்து பல வாரம் ஆகியும் மஞ்சுளா அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாங்காய் சீசன் வந்தது. சொந்தத் தோப்பு இல்லாத முனியப்பா அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறிக்கப் போனார். ஒரு காலையில் தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வழியாக நடந்திருக்கிறார். நீளமான மூங்கில் கழி, நுனியில் கொக்கி. வேனுக்காகப் பெண்கள் நின்றிருந்தார்கள், மஞ்சுளாவும் நின்றிருந்தாள். டீக்கடையிலிருந்து ஒருவன் கத்தியிருக்கிறான்: "இன்னாப்பா முனியப்பா, பொண்ணு பர்மனென்ட்டு, நீ இன்னும் கூலிக்குப் போற? எங்க கண்ணுல மண்ண தூவறதுக்கா?"

முனியப்பா நின்றாராம். மேலே பார்த்தாராம். தொரட்டியை உயர்த்தி, மாங்காய்க் காம்பில் மாட்டுகிற மாதிரியே, பேனரின் மேல் விளிம்பில் கொக்கியை மாட்டி ஒரே இழுப்பு. ஃப்ளெக்ஸ் நடுவில் கிழிந்து சரிந்தது. சரியாக அந்த நேரம் வேனும் வந்தது. டிரைவர் "பேக, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினான். எல்லோரும் ஏறினார்கள். மஞ்சுளா மட்டும் அப்பாவைப் பிடிக்க ஓடினாள். வேன் போய்விட்டது.

ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. முகாம் நடத்தியது என் ஆபீஸ், அதனால் நானும் வர வேண்டுமாம். போய்ப் பார்த்தால், என்ன ஆச்சரியம்! மத்தியம் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார், மாநிலம் உட்கார்ந்திருக்கிறார், ஊராட்சி ஒன்றியம் உட்கார்ந்திருக்கிறார். என் சர்வீஸில் முதல்முறையாக மூன்று பேரையும் ஒரே இடத்தில், கூப்பிட்டவுடன் வந்தவர்களாகப் பார்த்தேன்.

"எங்க திட்டத்தோட பேனர் சார், தேசிய அளவுல போகுது" என்றார் மத்தியம்.

"மாநில அரசு விளம்பரத்தச் சேதப்படுத்தியிருக்காரு" என்றார் மாநிலம்.

"வெச்ச எடம் எங்க எடம், நாங்கதான் பர்மிஷன் குடுத்தோம்" என்றார் ஊராட்சி.

ஒரு மூலையில் பெஞ்சில் முனியப்பா, மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொரட்டியைச் சுவரில் சாய்த்து, அதற்கு ஒரு போலீஸ்காரரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "ஏம் நியாயமம்மா இதி?" என்று தெலுங்கில் கேட்டார். இது என்ன நியாயம் அம்மா என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டர் புகார் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "மேடம், மூணு துறையும் போட்டுட்டாங்க. நீங்களும் ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சிடும்." அதே நேரம் என் போனும் அடித்தது. கலெக்டர் ஆபீஸ். "அத பெருசாக்காம முடிச்சிடுங்க மேடம், எல்லாரும் போட்டா நீங்க மட்டும் ஏன் நிக்கறீங்க? ரிட்டயர்மென்ட் வேற கிட்ட வருது" என்று நல்லதனமாகவே சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தை எதற்காகச் சொல்லப்பட்டது என்று உங்களுக்குப் புரியும். ஆனாலும் காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டேன். "அந்தப் படத்துல இருக்கற விஷயம் உண்மையில்லை. உண்மையில்லாத ஒண்ணு கிழிஞ்சதுக்கு நான் புகார் குடுக்க மாட்டேன்" என்றேன். இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். மற்ற மூன்று கையெழுத்தே போதும் என்றார்.

நீங்கள் இதைப் பெரிய வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் கையெழுத்துப் போடாததால் முனியப்பாவுக்கு ஒரு மண்ணும் பிரயோஜனமில்லை. வழக்கு பதிவானது. நம் வேலையில் சில நேரம் இப்படித்தான். சரியாகச் செய்தாலும் செய்யாவிட்டாலும் முடிவு ஒன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் செய்யத்தான் வேண்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

சின்ன வழக்குதான், ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிடலாம், யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் போடுகிறேன் என்றேன். "அரசு அலுவலர், அதுவும் இந்த விவகாரத்துல சம்பந்தப்பட்டவங்க, சரிவராது மேடம்" என்று மறுத்துவிட்டார் இன்ஸ்பெக்டர். மஞ்சுளா முன்னால் வந்தாள். அவள் நாற்காலியில் உட்காரும்போதே போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். மறுமுனையில் கான்ட்ராக்டர். "ம்" என்றாள். "சரிங்கண்ணா" என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நாளையில இருந்து வர வேணாமாம் மேடம்" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

ஸ்டேஷன் ரைட்டர் வயதான மனிதர். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"பேரு?"

"மஞ்சுளா."

"அப்பா பேரு?"

"இதோ இவருதான் சார். முனியப்பா."

"என்ன வேல செய்யறம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலடியில் கிழிந்த ஃப்ளெக்ஸ் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, சாட்சிப் பொருளாக.

"இவங்கள கேளுங்க சார்" என்றாள். "எனக்கு எங்க வேலன்னு இவங்களுக்குத்தான் தெரியும்."

ரைட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவர்கள் பக்கம் திரும்பினார். மத்தியம் லேப்டாப்பை மெதுவாக மூடினார். மாநிலம் ஜன்னலைப் பார்த்தார். ஊராட்சி, வராத ஒரு போனை எடுக்க வெளியே போனார். முனியப்பா ஒவ்வொருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இவர்களில் யாராவது ஒருவர் இப்போதாவது சொல்லிவிடுவார் என்று அந்த மனிதர் அந்த நிமிஷத்திலும் நம்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரைட்டர் வேலை என்ற இடத்தைக் காலியாக விட்டார். "சரி, இங்க கையெழுத்து போடும்மா" என்றார். போட்டாள்.